அக்காவின் தையல் அறையும் அத்தானின் பீரும்

சிறு வயதில் என்னை இடுப்பில் தூக்கிச் சுமந்தவளும், நான் பெரியவனான பிறகு பேச்சாலேயே தூக்கிப் போட்டு மிதிப்பவளுமாகிய என் அன்பு அக்காவின் சமூகத்துக்கு, உன் ஒரே தம்பி மிகுந்த பணிவுடன் எழுதிக்கொள்ளும் விண்ணப்பம். இங்கே நாங்கள் நால்வரும் நலம். அங்கே நீயும் குழந்தைகளும் உன் தையல் மெஷின்களும் நலமாக இருக்கிறீர்களா என்ற கவலையில்தான் இதை எழுதுகிறேன். மெஷின்களை எதற்கு இவன் விசாரிக்கிறான் என்று நீ கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்குவது இங்கிருந்தே தெரிகிறது. சொல்கிறேன். கையில் கத்தரிக்கோல் இருந்தால் அதை மட்டும் கீழே வைத்துவிட்டு மேலே படி.

போன்ல பேசாம எதுக்குடா கடுதாசின்னு கேப்பே. லாட்ஜ்ல நாங்க நாலு பேரும் ஒரே அறை. நான் போனைக் கையில எடுத்தாலே, 'யாரு, உங்க அக்காவா? இங்க குடு'ன்னு அத்தான் கையை நீட்டுறார். மெசேஜ் போடலாம்னா, போன தடவை உனக்கு மட்டும்னு நான் தட்டிவிட்ட ரகசியம் நேரா குடும்பக் குரூப்ல போய் உக்காந்துக்கிச்சு. அதுக்கு அப்புறம் பெரியம்மா இன்னிக்கு வரைக்கும் என்கிட்ட முகம் குடுத்துப் பேசறதில்ல. அதனால குளியலறைக் கதவைச் சாத்திக்கிட்டு, கவுத்துப் போட்ட பக்கெட் மேல உக்காந்து எழுதறேன். வெளியில, கூட வந்திருக்கிற பல் டாக்டர் கதவைத் தட்டி, 'வயிறு சரியில்லையா, மாத்திரை தரவா'ன்னு கேட்டுக்கிட்டே இருக்கார். எழுத்து கோணலா இருந்தா அதுக்குக் காரணம் அவர்.

நீ என்னை ஒரே ஒரு வாக்கியத்தோட அனுப்பி வெச்சே. 'அத்தான், உங்க பீர் நல்லா இல்ல.' அவ்வளவுதான். கிளம்புறப்போ வாசல்ல நின்னு, வாயில குண்டூசியைக் கடிச்சுக்கிட்டே இன்னொரு தடவை சொல்லி அனுப்பினே. அதோட அருமை எனக்குத் தெரியாம இல்லக்கா. அந்தத் தையல் அறை கிடைக்கிறதுக்கு முன்னாடி நீ கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவுல மெஷினைச் செருகிக்கிட்டு, யாராவது அந்தப் பக்கம் போகணும்னா எழுந்து மெஷினையும் நகர்த்தி வழிவிட்டதும், அளவெடுக்க வந்தவங்களைச் சமையலறை அடுப்புப் பக்கத்துல நிக்க வெச்சு அளவெடுத்ததும் நான் பார்த்தவன்தான். இப்பத்தான் தெருவைப் பார்த்த ஜன்னலோட ஒரு அறை, நீ ஆசைப்பட்ட நீள மேசை, ஆள் உயரத்துக்கு ஒரு கண்ணாடின்னு உக்காந்திருக்கே. அதைக் காலி பண்ணிட்டு, தான் வீட்டுல காய்ச்சுற பீருக்கு அங்கே தொட்டி வெச்சு, ஜன்னலை உடைச்சு வாசலாக்கி, வர்றவங்களுக்கு ஊத்திக் குடுக்கணும்ங்கிறார் அத்தான். 'நீயே சொல்லேன்'னு நான் கேட்டப்போ, 'பொண்டாட்டி சொன்னா நொட்டை சொல்றான்னு எடுத்துப்பாருடா, கூட உக்காந்து குடிக்கிறவன் சொன்னாத்தான் ஏறும்'னே. நியாயமான பேச்சுதான், ஆளைத்தான் தப்பாப் பிடிச்சிட்டே. நான் கரண்ட் ஆபீஸ்ல புகார் கவுன்டர்ல உக்கார்றவன். காலையில ஷட்டரைத் தூக்கினதுலேர்ந்து சாயங்காலம் இறக்கற வரைக்கும், 'கவலைப்படாதீங்க, சரி பண்ணிடலாம்'னு சொல்லிச் சொல்லி வாய்க்கு வேற வார்த்தை பழக்கமே இல்லாம போச்சு.

சரி, கூட வர்ற ரெண்டு பேர்ல ஒருத்தர் சொல்லிடுவாங்கன்னு நினைச்சேன். ஒருத்தர் பல் டாக்டர். கையில இடுக்கியை மறைச்சு வெச்சுக்கிட்டு, 'கொஞ்சம்கூட வலிக்காது'ன்னு சிரிச்ச முகமா சொல்றது அவர் தொழில். அத்தானோட முதல் பாட்டிலைக் குடிச்சிட்டு, 'வாய் நிறைஞ்சிருக்கு'ன்னார். துப்பறதுக்கு இடம் இல்லன்னா நிறைஞ்சுதானே இருக்கும்! இன்னொருத்தர் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். 'நல்ல பிக்கப் இருக்கு'ன்னார் அவர். கியரை உடைச்சவனையும் பார்த்து, 'பரவால்ல, நாளைக்கு வந்துடும்'னு சொல்லியே பள்ளிக்கூடம் நடத்தறவர்கிட்ட வேற என்னத்தை எதிர்பார்க்கறது? நான் என்ன சொன்னேன்னு கேக்காதே. 'பாத்துக்கலாம் அத்தான்'னு சொன்னேன். அதை அவர், கடைக்கு நான் பணம் போடறேன்னு எடுத்துக்கிட்டார்.

பயணம் மாஸ்டரோட கார்லதான். பழகுநர் பலகை முன்னாடியும் பின்னாடியும் மாட்டின, ரெண்டு பக்கமும் பிரேக் இருக்கிற அதே வண்டி. மாஸ்டர் வண்டியை எடுக்கற நாள்ல ஒரு சொட்டு தொடமாட்டார், அதுல ரொம்பக் கறார். எல்லா பீரையும் மோந்து பார்த்துட்டு மட்டும் தீர்ப்பு சொல்லுவார். முன்சீட்ல அத்தான். அவருக்குப் பயம் வந்தா அவர் பக்கத்துப் பிரேக்கை மிதிப்பார். மாஸ்டருக்கு எரிச்சல் வந்தா அவரும் மிதிப்பார். மலைப்பாதையில எல்லா லாரிக்காரனும் எங்களைப் பார்த்து, யாரோ அரைக்கிழவர் வயசான காலத்துல வண்டி பழகறார்னு பாவப்பட்டு ஒதுங்கிப் போனான். பின்சீட்ல நானும் டாக்டரும், எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல அத்தானோட பாட்டில் பெட்டியும். பெட்டிக்குத்தான் சீட் பெல்ட். எனக்கு இல்ல.

எங்க வழக்கம் உனக்குத் தெரியும். எந்த ஊருக்குப் போனாலும் பெரிய கம்பெனி பீரைத் தொடறதில்ல. அந்த ஊர்லயே யாராவது கையால காய்ச்சுறாங்களான்னு விசாரிச்சு, அதுல ஒரே ஒரு கிளாஸ் வாங்கி நாலு பேரும் பங்கு போட்டுக்குவோம். முதல் ஊர்ல போன இடம் ஒரு பழைய சாமான் கிடங்கு மாதிரி இருந்துச்சு. சுவருக்குப் பூச்சு இல்ல, நாற்காலிக்கு முதுகு இல்ல, பல்பு எல்லாம் ஒயர்ல தொங்குது. கரண்ட் ஆபீஸ்காரன்ங்கிற முறையில எனக்கு நெஞ்சு பதறிச்சு. காசு பத்தாம பாதியில விட்டுட்டாங்க போலன்னு நான் பரிதாபப்பட்டா, அதுதான் அலங்காரமாம். தோல் ஏப்ரன் கட்டின ஒரு பையன் வந்து, 'சார், என்ன மனநிலையில இருக்கீங்க'ன்னான். என் வாழ்க்கையிலேயே என்னை யாரும் கேக்காத கேள்வி. பசியில இருக்கேன்னேன். 'அப்படின்னா உங்களுக்குக் கொஞ்சம் சோகமான பீர் சரியா வரும்'னு சொல்லிட்டு, ஓட்டை போட்ட பலகையில மருந்து டம்ளர் சைசுல ஒண்ணு கொண்டுவந்து வெச்சான். கூடவே ஒரு அட்டை. அதுல பீரோட வாழ்க்கை வரலாறு. அது எங்க பிறந்துச்சு, எதை நினைச்சுக்கிட்டு ஊறிச்சு, குடிக்கிறவன் நாக்குல எந்த இடத்துல எதை உணரணும்னு எல்லாம் அச்சடிச்சிருந்துச்சு. டாக்டர் அதைப் படிச்சிட்டு, வரிசையா அதையே உணர்ந்தார். மாஸ்டர் மோந்துட்டு, 'கிளட்ச் கருகின மாதிரி லேசா ஒரு இது'ன்னார். ஏப்ரன் பையன் அதை உடனே குறிச்சு வெச்சுக்கிட்டான்.

அத்தான் மட்டும் சட்டைப் பையிலேர்ந்து அந்த ஷேடு கார்டை எடுத்தார். பெயின்ட் கம்பெனியில கலர் கலக்கற பிரிவுல இருந்தவராச்சே, ஓய்வு வாங்கினாலும் கார்டை விடல. டம்ளரை வெளிச்சத்துல பிடிச்சு, 'இது வெளிர்நிறத் தேனுக்கும் காய்ஞ்ச வைக்கோலுக்கும் நடுவுல'ன்னார். பீரைக் குடிக்கவே இல்ல, பொருத்தம் பார்த்துக்கிட்டே இருந்தார். அப்புறம் பையிலேர்ந்து தன்னோட பாட்டிலை எடுத்து, டாக்டருக்கும் எனக்கும் ஊத்தி, மாஸ்டருக்கு மோந்து பார்க்க நீட்டி, 'இப்ப நம்மளோடதைக் குடிச்சுப் பாருங்கடா'ன்னார். இதுதான்க்கா நான் வாயைத் திறக்க வேண்டிய முதல் இடம். திறந்தேன். உள்ள பீர் போயிடுச்சு. அந்தச் சுவையை உனக்கு எப்படிச் சொல்றது? மழையில நனைஞ்ச சாக்கைப் பிழிஞ்சு, அதுல ஒரு துருப்பிடிச்ச ஆணியைப் போட்டு ஊற வெச்சா வர்ற தண்ணி. டாக்டர் என்னைப் பார்த்தார், நான் மாஸ்டரைப் பார்த்தேன், மாஸ்டர் கார் சாவியைப் பார்த்தார். 'எப்படி?'ன்னார் அத்தான். 'இன்னும் கொஞ்சம் ஆறினா பிடிபடும்'னேன். எது ஆறணும்னு எனக்கே தெரியல.

குறை மட்டுமே சொல்றேன்னு நினைக்காதே. ரெண்டாவது ஊர்ல, சைக்கிள் ரிப்பேர்க் கடைக்குப் பின்னாடி ஒரு புருஷனும் பொண்டாட்டியும் சின்னதா காய்ச்சுறாங்க. அட்டையும் இல்ல, வரலாறும் இல்ல. அவர் பம்பு அடிச்சுக்கிட்டே, 'உக்காருங்க, அவ ஊத்துவா'ன்னார். அந்தம்மா ஒரு கிளாஸ் நிறைய ஊத்தி வெச்சிட்டு, பாக்கி நின்ன ட்யூபை ஒட்டப் போயிட்டாங்க. அக்கா, அப்படி ஒண்ணை நான் குடிச்சதில்ல. ஒண்ணும் பெரிசா இல்ல, சுத்தமா, குளிர்ச்சியா, கடைசியில ஒரு சின்னக் கசப்பு, அவ்வளவுதான். கிளாஸ் கை மாறிக் கை மாறிச் சுத்தி வந்துச்சு. அடியில கொஞ்சம் மிச்சம் இருந்ததை டாக்டர் அத்தான்கிட்ட நீட்டினார், அத்தான் என்கிட்ட தள்ளினார், நான் 'நீங்களே குடிங்க'ன்னேன், கடைசியில மாஸ்டர் மோந்து பார்த்துட்டுக் கண்ணை மூடிக்கிட்டார். இதுக்காகத்தான் வருஷா வருஷம் கிளம்பி வர்றோம்னு அந்த நிமிஷத்துல நாலு பேருக்கும் தோணியிருக்கும். நல்ல நேரம், நல்ல மனசு, இப்ப சொல்லிடலாம்னு நான் தொண்டையைக் கனைச்சேன். அத்தான் திரும்பி, 'நம்ம கடையும் இப்படித்தான்டா, உங்க அக்காவும் நானுமா இருப்போம்'னார். அதுக்கு மேல எவனால வாயைத் திறக்க முடியும், நீயே சொல்லு.

அன்னிக்கு மத்தியானம் கொண்டை ஊசி வளைவுல, எதிர்ல மாடு ஒண்ணு வந்துச்சுன்னு அத்தான் அவர் பிரேக்கை மிதிக்க, அதுக்குக் கோவிச்சுக்கிட்டு மாஸ்டர் அவர் பிரேக்கை மிதிக்க, பெட்டியில குலுங்கின பாட்டில்ல ரெண்டு வெடிச்சிடுச்சு. அத்தான் சர்க்கரையை அளவுக்கு மேல போட்டு அடைச்சதால உள்ள எல்லாம் ஒரே பொங்கல். டாக்டர் சட்டை, என் தலை, வண்டிக் கூரைன்னு எல்லா இடமும் அபிஷேகம். அந்தக் கோலத்துல சோதனைச் சாவடியில நிக்கறோம், ஜன்னலை இறக்கினா குப்புனு வாடை, வெளியில பழகுநர் பலகை. போலீஸ்காரர் நேரா மாஸ்டர் வாயில ஊதற குழாயை வெச்சார். ஒண்ணும் காட்டல. குழாயைத் தட்டிப் பார்த்துட்டு மறுபடியும் வெச்சார். ஒண்ணும் காட்டல. அவர் தலையை வண்டிக்குள்ள விட்டு மோந்துட்டு, 'அப்ப என்னய்யா இது நாத்தம், சீட்டுக்கு அடியில ஏதாவது செத்துக் கிடக்கா'ன்னார். ஊர்லயே ஒரு மனுஷன் உண்மையைப் பேசிட்டார்னு எனக்கு அவர் காலைத் தொட்டுக் கும்பிடணும் போல இருந்துச்சு. அத்தான் முகம் கொஞ்சம்கூட மாறல. வண்டி நகர்ந்ததும், 'பாவம், டூட்டியில இருக்கார், பிடிச்சிருக்குன்னு வெளிப்படையாச் சொல்ல முடியாதில்ல'ன்னார்.

அப்பத்தான் நாங்க மூணு பேரும் பெட்ரோல் பங்க்ல ஒதுங்கி நின்னு ஒரு திட்டம் போட்டோம். எங்களால முடியாததை ஒரு பெரிய ஆள் வாயால சொல்ல வெச்சிடறது. மலை உச்சியில ஒருத்தர் இருக்கார், இடுப்பு வரைக்கும் தாடி, பீர் காய்ச்சுறதுல பெரிய பேர். டாக்டர்கிட்ட பல் கட்டிக்கிட்ட ஒருத்தர் அவருக்குச் சொந்தமாம். யார் என்ன கொண்டுபோனாலும் ஒரு வாய் குடிச்சிட்டு மூஞ்சிக்கு நேரா துப்பிடுவாராம். போன மாசம் ஒருத்தர் அழுதுக்கிட்டே இறங்கி வந்தாராம். இவர்தான் நமக்கு வேண்டிய தெய்வம்னு டாக்டர் சொன்னார். அத்தான்கிட்ட, 'பெரியவர் ஆசீர்வாதம் வாங்கிடலாம்'னு சொன்னோம். அவர் பாட்டில்மேல இருந்த ஈரத்தைக் கைக்குட்டையால துடைச்சு, குழந்தையைத் தூக்கற மாதிரி தூக்கிக்கிட்டு வந்தார். அதைப் பார்த்து எனக்கு உள்ளுக்குள்ள என்னமோ பண்ணிச்சு. ஆனா உன் மேசையை நினைச்சு மனசைக் கல்லாக்கிக்கிட்டேன்.

தாடிக்காரர் ஒரு மரப்பீப்பாய் மேல உக்காந்திருந்தார். பாட்டிலை வாங்கினார், முகர்ந்தார், ஊத்தினார், ஒரு வாய் குடிச்சார். அவர் துப்பறதுக்குத் தோதா நான் ரெண்டடி தள்ளி நின்னேன். அவர் துப்பல. கண்ணை மூடினார். மூடினது மூடினபடியே இருந்தார். மயங்கிட்டாரோன்னு டாக்டர் நாடி பிடிச்சுப் பார்க்கப் போனார். திடீர்னு கண்ணைத் திறந்து, 'எல்லாரும் வாங்க'ன்னு ஒரு சத்தம். தொட்டி கழுவிக்கிட்டிருந்தவங்க, மூட்டை தூக்கினவங்க எல்லாம் ஓடி வந்துட்டாங்க. 'குடிச்சுப் பாருங்க. குதிரைப் போர்வை. நனைஞ்ச குதிரைப் போர்வை. பழைய நூலகம். கடைசியில இரும்பு!' அக்கா, நான் சாக்குன்னு நினைச்சதை அவர் போர்வைங்கிறார், ஆணின்னு நினைச்சதை இரும்புங்கிறார். சுவை ஒண்ணுதான், அவர் அதைக் கும்பிடறார்.

'எப்படிங்க பண்ணீங்க?'ன்னு தாடிக்காரர் அத்தான் கையைப் பிடிச்சுக்கிட்டார். அத்தான் பொய் சொல்லத் தெரியாத மனுஷன். 'மூடி வைக்க மறந்துட்டேங்க'ன்னார். 'மூடலையா! கேட்டீங்களா, மூடலை! காத்துல இருக்கிற உயிரெல்லாம் தானா வந்து இறங்கட்டும்னு விட்டிருக்கார். எங்கள்ல எவனுக்காவது அந்தத் துணிச்சல் இருக்கா?' வேலையாட்கள் எல்லாம் தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. 'எந்தப் பாத்திரம்?' 'துணி ஊற வைக்கிற பக்கெட்டுங்க.' தாடிக்காரர் ரெண்டு கையையும் கூப்பினார். 'வீட்டோட நினைவெல்லாம் ஊறின பாத்திரம்!' உன் வீட்டு சோப்புத் தூளைத்தான் அந்த மனுஷன் நினைவுங்கிறார். 'எத்தனை நாள் ஊறிச்சு?' 'கல்யாணத்துக்குப் போயிருந்தோம், வர நாளாயிடுச்சு.' 'பொறுமை!'ன்னு தன் ஆளுங்க பக்கம் திரும்பிச் சொன்னார். நான் டாக்டரைப் பார்த்தேன். டாக்டர் அந்த நேரத்துல பாட்டிலை வாங்கி இன்னொரு வாய் குடிச்சு, 'ஆமா, நூலகம் தெரியுது'ன்னார். மனுஷனா அவர்?

அங்கேயே, அந்தப் பீப்பாய்ப் பக்கத்துலயே நின்னு அத்தான் தச்சருக்குப் போன் போட்டார். வெள்ளிக்கிழமை காலையில வந்து உன் மேசையைக் கழட்டிப் பின்கட்டுல போடணும், கண்ணாடியைச் சுவர்லேர்ந்து எடுக்கணும், தொட்டி வைக்க மேடைக்கு அளவெடுக்கணும். 'வீட்டுல இருப்பா, திறந்து விடுவா'ன்னார். உன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு அவருக்குத் தோணவே இல்ல. சந்தோஷத்துல மனுஷனுக்கு எதுவும் தோணாது போலிருக்கு.

இப்ப நான் சொல்லப்போறதைக் கவனமாப் படி. நேத்து சாயங்காலம் லாட்ஜ் மொட்டைமாடியில நானும் அத்தானும் தனியா நின்னோம். காத்து வீசிச்சு. நான் அவர் தோள்ல கையை வெச்சு, அவர் கண்ணை நேருக்கு நேராப் பார்த்து, 'அத்தான், உலகமே கொண்டாடினாலும் நான் சொல்றேன், உங்க பீர் நல்லா இல்ல. வாயில வைக்க முடியல. அக்கா அறையில கையை வைக்காதீங்க'ன்னு கணீர்னு சொல்லிட்டேன். கீழே தெருவுல போறவங்ககூட நிமிர்ந்து பார்த்தாங்க. அத்தானுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. என்னைக் கட்டிப் பிடிச்சு, 'இத்தனை பேர்ல நீ ஒருத்தன்தான்டா என்மேல உண்மையான பாசம் வெச்சவன்'னார். மீதி பாட்டிலை எல்லாம் அங்கேயே செடிக்கு ஊத்திட்டார். ஆக, நீ குடுத்த வேலை முடிஞ்சுது.

ஒரு சின்ன விஷயம். தச்சருக்கு மறுபடியும் போன் பண்ணிச் சொல்ல அத்தானுக்குக் கூச்சமா இருக்கு. அதனால வெள்ளிக்கிழமை அவர் வந்தா, 'சாரே வேண்டாம்னு சொல்லிட்டார்'னு நீயே அனுப்பிடு. அறையைப் பூட்டிச் சாவியை இடுப்புல செருகிக்கிட்டுச் சொன்னா இன்னும் நல்லது. ஞாயித்துக்கிழமை நாங்க திரும்பி வந்ததும் அத்தான்கிட்ட இந்த மொட்டைமாடிப் பேச்சைப் பத்தி ஒரு வார்த்தை எடுக்காதே. ரொம்ப மனசு உடைஞ்சிருக்கார். அவர் ஒருவேளை ஒண்ணுமே நடக்காத மாதிரி தொட்டி, மேடைன்னு பேசினா, அது துக்கத்தை மறைக்கிறதுக்காகன்னு புரிஞ்சுக்கோ. என்னைக் கூப்பிட்டு அவர் எதிர்ல வெச்சுக் கேட்டேன்னா, நான் அவர் மானத்தைக் காப்பாத்தறதுக்காக இல்லன்னுதான் சொல்ல வேண்டியிருக்கும்.

மற்றபடி இங்கு விசேஷம் ஒன்றுமில்லை. குழந்தைகளுக்கு என் முத்தங்கள். பெரியம்மாவைப் பார்த்தால் என் நமஸ்காரத்தைச் சொல்லி, அவர் முகம் எப்படிப் போகிறது என்று பார்த்து எழுதவும். மெஷின்கள் ஓயாமல் ஓடி, உன் வாடிக்கையாளர்கள் எல்லாரும் நாளுக்கு நாள் பருத்து, புது அளவு எடுக்க உன்னிடமே வந்து நிற்க எல்லாம் வல்லவனை வேண்டிக்கொள்ளும்,

உன் சொல்லை என்றைக்கும் தட்டாத,
தம்பி.

பி.கு. கையெழுத்து மாறினதைப் பார்த்ததுமே தெரிஞ்சிருக்கும், எழுதறது உன் தம்பி இல்ல, உன் வீட்டுக்காரன். உன் தம்பி இந்தக் கடுதாசியைக் கீழே லாட்ஜ் மேசையில குடுத்துட்டு, தூங்கப் போயிட்டான். உறையில தெரு பேரை எழுதினவன் வீட்டு நம்பரை எழுதல. அந்த வழியா வந்த என்னைக் கூப்பிட்டு, 'சார், உங்க ஆளு அரைகுறையா எழுதியிருக்காரு, இந்த முகவரி உங்களுக்குத் தெரியுமா'ன்னு கேட்டாங்க. என் வீடு, என் பொண்டாட்டி பேரு. பிரிக்காம குடுத்துட்டுப் போக நான் என்ன மகானா?

மொட்டைமாடிக் கட்டத்தை ரொம்ப நல்லா எழுதியிருக்கான். அப்படி ஒண்ணும் நடக்கல. அவன் அங்க நின்னு என்கிட்ட சொன்னது, 'அத்தான், அக்கா அறை மட்டும் பத்தாது, நடுச்சுவரையும் இடிச்சிடலாம்'. சொல்லிட்டு என் டம்ளர்ல இருந்ததையும் எடுத்துக் குடிச்சான். செடிக்கு யாரும் ஊத்தல. ஊத்தியிருந்தா, இதைப் படிச்சதுக்கு அப்புறம் சொல்றேன், செடியும் பிழைச்சிருக்காது.

சாக்கும் ஆணியும்னு எழுதியிருக்கானே, அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படிச்சேன். கோபம் வரல. மாடிப்படியில கொஞ்ச நேரம் உக்காந்திருந்தேன். காய்ச்ச ஆரம்பிச்சதுலேர்ந்து பார்க்கிறவங்களை எல்லாம் எப்படி இருக்கு, எப்படி இருக்குன்னு கேட்டுக்கிட்டே இருந்தேன். ஒருத்தன் நிறைஞ்சிருக்குன்னான், ஒருத்தன் பிக்கப்னான், ஒரு தாடிக்காரன் கையெடுத்துக் கும்பிட்டான். நேராப் பேசினது அந்தப் போலீஸ்காரர் ஒருத்தர்தான், அவரை நான் பாவம்னுட்டேன். தச்சரைக் கூப்பிட்டு வர வேண்டாம்னு இப்பவே சொல்லிட்டேன், எனக்கு ஒரு கூச்சமும் இல்ல. மேசை இருக்கிற இடத்துல இருக்கட்டும். உன்னைக் கேக்காம உன் அறைக்கு ஆள் அனுப்பினது என் தப்பு.

ஆனா ஒண்ணு கேக்கணும். முதல் பாட்டிலை நான் இவனுங்களுக்கு முன்னாடி உனக்குத்தான் ஊத்திக் குடுத்தேன். நீ குடிச்சிட்டு, நல்லா இருக்குன்னே. அதோட விடல, டம்ளரை நீட்டி, 'இன்னும் கொஞ்சம் ஊத்துங்க'ன்னே. இவனுங்க பேச்சை நம்பி நான் ஒரு குடைகூட வாங்க மாட்டேன், தெரியுமில்ல? நான் நம்பினது உன்னோட அந்த ரெண்டாவது டம்ளரை. அதையும் குடிச்சு முடிச்சியே, எப்படிம்மா குடிச்சே?

கல்யாணம் ஆனதுலேர்ந்து நீ எனக்குத் தைச்ச சட்டை ஒவ்வொண்ணுக்கும் கழுத்து இறுக்கம். நான் மேல் பொத்தானைப் போடாம திரியறது புழுக்கத்தால இல்ல. நேர்ல சொல்லத்தான் நினைச்சேன், இத்தனை வருஷமா தைரியம் வரல. உன் தம்பி கடுதாசியில கொஞ்சம் இடம் மிச்சம் இருந்துச்சு, அதுல எழுதிட்டேன்.